காட்சியும் செய்தியும்

உலகில் நிகழ்வனவற்றை ஆராய்ந்து மக்களுக்கு அறிவிக்கும் தொழில் இதழியல் எனப்படும். முற்காலத்தில் முரசறைந்து செய்தி உரைத்தனர். அச்சுப்பொறி தோன்றியபின் செய்தித்தாள் பிறந்தது. அதன்பின் வானொலி வந்தது. இற்றை நாளில் காட்சியும் ஒலியும் கூடிய செய்திப் படம் வீடுதோறும், ஏன், கைதோறும் வந்து சேர்கின்றது. எழுத்தறியாதாரும் அதனால் செய்தி அறிகின்றனர். ஆதலின், இதழியலின் இயல்பை மாணவர்க்கு விளக்க விரும்பும் ஆசிரியர்க்குச் செய்திப் படத்தினும் சிறந்த கருவி பிறிதொன்று இல்லை எனலாம். நூலைப் படிக்க எழுத்துக் கூட்டிப் பழகுகின்றோம். செய்திப் படத்தையோ, படிக்கக் கல்லாமலே பார்த்துவிடுகின்றோம். அதனைப் படிக்கும் முறை யாது என்பதே இப்பாடத்தின் பொருளாகும்.

ஒரு பொருளை அறியும் வழியை நம் முன்னோர் அளவை என்றனர். காட்சி, கருதல், உரை என்பன அவற்றுள் தலையாயவை. கண் முதலிய பொறிகளால் நேரே அறிவது காட்சி. புகையைக் கண்டு நெருப்பு உண்டென்று உணர்வது கருதல். அறிந்தோர் சொல்லக் கேட்டு அறிவது உரை. காட்சியை முதலில் வைத்தனராயினும், காட்சி அனைத்தும் மெய்யென்று அவர்கள் கொள்ளவில்லை. அந்தி மயங்கும் பொழுதில் தொலைவில் நிற்பது மரக்கட்டையோ மனிதனோ என்று தடுமாறுவது ஐயக்காட்சி; வழியில் கிடக்கும் கயிற்றைப் பாம்பென்றே துணிந்துவிடுவது திரிபுக்காட்சி. இவ்விரண்டும் நீங்கி, உள்ளதை உள்ளவாறு காண்பதே மெய்க்காட்சி. ‘கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்’ என்னும் பழமொழியும் இக்கருத்தையே வலியுறுத்துகின்றது. இப்பழமொழியை இதழியலாரின் முதற்பாடம் என்றே சொல்லலாம்.

செய்திப் படம் நேற்றுத் தோன்றியதன்று. பிரான்சு நாட்டுப் பாத்தே நிறுவனத்தார் 1910ஆம் ஆண்டுக்கு முன்னரே செய்திப் படங்களைத் திரையரங்குகளில் காட்டத் தொடங்கினர். நம் நாட்டில் 1948ஆம் ஆண்டு மைய அரசு திரைப்படப் பிரிவை நிறுவியது. அப்பிரிவு எடுத்த செய்திப் படங்களைக் கொட்டகைகளில் கதைப்படத்திற்கு முன்னர்க் காட்டினர்; மக்கள் அவற்றை ‘நியூஸ் ரீல்’ என்று வழங்கினர். தொலைக்காட்சி தில்லியில் 1959ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாளிலும், சென்னையில் 1975ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ஆம் நாளிலும் தொடங்கப்பெற்றது. அந்நாள்களில் செய்திப் படம் எடுப்போர் சிலர், பார்ப்போர் பலர். இன்றோ கைப்பேசி உடையார் அனைவரும் படம் எடுக்கின்றனர், பிறர்க்கு அனுப்புகின்றனர். செய்தியாளர் ஒருவர்க்கே உரியதாயிருந்த ஆராயும் கடமை இதனால் நம் எல்லோர்க்கும் உரியதாயிற்று.

வகுப்பறையில் செய்திப் படத்தைப் பயன்படுத்தும் முறை எளியது. வெள்ளம் பற்றிய ஒரு செய்திப் படத்தை எடுத்துக்கொள்வோம். ஆசிரியர் முதலில் ஒலியை நிறுத்திவிட்டுக் காட்சியை மட்டும் காட்டவேண்டும். மாணவர்கள் தாளை இரண்டாகப் பகுத்து, ஒருபுறம் ‘கண்டவை’ என்றும், மறுபுறம் ‘கருதியவை’ என்றும் எழுதிக்கொள்ள வேண்டும். ஒரு தெருவில் முழங்காலளவு நீர் ஓடுகின்றது. ஒரு பெண் மூட்டையோடு படிக்கட்டில் நிற்கின்றாள். ஒரு படகு வருகின்றது. இவை கண்டவை. ‘ஊர் முழுவதும் மூழ்கிவிட்டது’ என்று ஒரு மாணவன் எழுதினால், அது கருதியது. படம்பிடி கருவி காட்டியது ஒரு தெருவையே அன்றி ஊரை அன்று. அடுத்த தெரு உலர்ந்து கிடந்திருக்கவும் கூடும். இதனினும் மிகுதியாக மூழ்கியிருக்கவும் கூடும்.

அடுத்து, ஒலியோடு அப்படத்தைக் காட்டவேண்டும். யார், என்ன, எங்கே, எப்பொழுது, ஏன், எவ்வாறு என்பன செய்தியாளர் கேட்கும் ஆறு வினாக்கள். இவற்றுள் எவ்வெவற்றிற்குக் காட்சி விடை தந்தது, எவ்வெவற்றிற்குக் குரல் விடை தந்தது என்று மாணவர்கள் ஆராய்வார்களாயின், ஓர் உண்மை புலப்படும். ‘என்ன’ என்பதற்குக் காட்சி விடை கூறும். ‘எங்கே’, ‘எப்பொழுது’, ‘ஏன்’ என்பவற்றிற்குப் பெரும்பாலும் குரலும் எழுத்துமே விடை கூறும். காட்சியால் அறிந்தோம் என்று நாம் நினைப்பனவற்றுள் பல, மெய்யாகவே உரையால் அறிந்தவை. உரை என்றால் உரைத்தவர் யார் என்ற வினா உடனெழ வேண்டும். அதிகாரி உரைத்தாரா, வீடிழந்தவர் உரைத்தாரா, நேரில் காணாத ஒருவர் உரைத்தாரா என்று பிரித்தறிதல் செய்தியறிவின் அடிப்படையாகும்.

காட்சியும் குரலும் ஒருங்கே பிறந்தவை என்று நாம் எளிதில் நம்பிவிடுகின்றோம். இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு ஒன்றுண்டு. 1937ஆம் ஆண்டு மே 6ஆம் நாள், ஹிண்டன்பர்க் என்னும் ஜெர்மானிய வான்கப்பல், அமெரிக்க நாட்டில் நியூஜெர்சி மாநிலத்து லேக்கர்ஸ்ட் என்னும் இடத்தில் இறங்கும்பொழுது தீப்பற்றி எரிந்து வீழ்ந்தது. 36 பேர் மாண்டனர். அங்குக் காத்திருந்த செய்திப் படக்காரர்கள் அவ்விபத்தைப் படம் பிடித்தனர். ஹெர்பர்ட் மாரிசன் என்னும் வானொலிச் செய்தியாளர், தாம் கண்டதைக் கண்ணீர் மல்கக் கூறி, இசைத்தட்டில் பதிவு செய்தார். இன்று அப்படத்தைக் காண்போர், அவர் குரலும் அக்காட்சியும் ஒரே கருவியில் பதிந்தவை என்றே எண்ணுவர். உண்மையில் படம் வேறு, குரல் வேறு. பிற்காலத்தார் இரண்டையும் இணைத்தனர். மேலும், தீ முதன்முதல் தோன்றிய கணம் எந்தச் செய்திப் படத்திலும் பதியவில்லை. படம் இருந்தும் விபத்தின் காரணம் பற்றிய ஆராய்ச்சி நெடுங்காலம் நீண்டது இதனாலேயாம்.

காட்சி எப்பொழுது எடுக்கப்பட்டது என்பதும் கருதத்தக்கது. 1902ஆம் ஆண்டு இங்கிலாந்து மன்னர் ஏழாம் எட்வர்டின் முடிசூட்டு விழாப் படத்தை, ஜார்ஜ் மெலியே என்னும் பிரெஞ்சுக்காரர், நடிகர்களைக் கொண்டு, பாரிசு நகரின் அருகே தம் படக்கூடத்தில் எடுத்தார். ஜூன் 26ஆம் நாள் நிகழவிருந்த விழா, மன்னர் நோயுற்றமையால் தள்ளிவைக்கப்பட்டு, ஆகஸ்டு 9ஆம் நாளே நடந்தது. விழாவோ பின்னர் நிகழ்ந்தது. அதன் படமோ முன்னரே முடிந்துவிட்டது! இது கேட்பதற்கு நகைப்பூட்டும். ஆயினும், பழைய வெள்ளப் படத்தை இன்றைய வெள்ளம் என்று காட்டுவதும், ஒரு நாட்டுக் கலவரத்தை மற்றொரு நாட்டுக் கலவரம் என்று காட்டுவதும் இக்காலத்தே நிகழ்கின்றன. செயற்கை நுண்ணறிவுக் கருவிகள், நிகழாததொன்றை நிகழ்ந்ததுபோலவே படைக்கும் ஆற்றலும் பெற்றுவிட்டன.

இனி, படத்தின் தொடக்கமும் முடிவும் எத்துணை இன்றியமையாதன என்பதைக் காண்போம். பாகிஸ்தான் நாட்டுக் கராச்சி நகரில் குழந்தைகளின் பாதுகாப்புக் கருதி ஓர் அறிவுரைப் படம் எடுத்தனர். தெருவில் சிறுவர் விளையாடுகின்றனர். மோட்டார் சைக்கிளில் வந்த இருவர் ஒரு சிறுவனைத் தூக்கிக்கொண்டு விரைகின்றனர். சிறிது நேரத்தில் அவர்களே திரும்பி வந்து, சிறுவனை இறக்கிவிட்டு, குழந்தைகளைக் கடத்த ஒரு கணமே போதும் என்று எச்சரிக்கும் பலகையைக் காட்டுகின்றனர். யாரோ சிலர் இம்முடிவுப் பகுதியை வெட்டியெறிந்தனர். எஞ்சிய பகுதி, உண்மையான கடத்தல் என்ற பெயரோடு 2018ஆம் ஆண்டில் இந்திய நாடெங்கும் வாட்ஸப் வாயிலாகப் பரவியது. இத்தகைய படங்களும் குரற்செய்திகளும் கிளப்பிய அச்சத்தால், பல மாநிலங்களில் குற்றமற்றவர்கள் அடித்துக் கொல்லப்பட்டனர். நம் திருவண்ணாமலை மாவட்டத்திலும் அவ்வாண்டு மே மாதத்தில் அக்கொடுமை நிகழ்ந்தது. கோயிலுக்குச் சென்ற ஒரு குடும்பத்தார் வழியில் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தனர். அதனைக் கண்டோர் அவர்களைக் குழந்தை பிடிப்போர் என்று கருதினர். கூட்டம் கூடித் தாக்கியது. 65 வயது மூதாட்டி ஒருவர் உயிர் துறந்தார். அவ்வாண்டு ஜூலை மாதத்தில் அந்நிறுவனத்தார், ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து இடங்களுக்கு மேல் அனுப்ப இயலாதவாறு இந்தியாவில் வரம்பு வகுத்தனர். போன உயிரை எந்த வரம்பும் மீட்குமோ? கயிற்றைப் பாம்பென்று காண்பவன் தானே அஞ்சி ஓடுவான். மனிதரைக் கள்வரென்று காணும் கூட்டமோ பிறர் உயிரைக் கொள்ளும். திரிபுக்காட்சியால் வரும் தீங்கு இத்தன்மையது.

இதனால், படம் அனைத்தையும் பொய்யென்று ஒதுக்குதல் வேண்டும் என்பது கருத்தன்று. அதுவும் ஒரு திரிபே. 2020ஆம் ஆண்டு மே 25ஆம் நாள் அமெரிக்க நாட்டு மினியாபொலிசு நகரில், ஜார்ஜ் ஃபிளாய்டு என்பவர் காவலரின் பிடியில் உயிரிழந்தார். மருத்துவக் கோளாற்றால் இறந்தார் என்ற பொருள்படக் காவல் துறையின் முதல் அறிக்கை கூறியது. பதினேழு வயது மாணவி ஒருத்தி தெருவில் நின்றபடியே தன் கைப்பேசியில் அந்நிகழ்ச்சியை இடையறாது பதிவு செய்திருந்தாள். காவலர் தம் முழங்காலால் அவர் கழுத்தை அழுத்தியதை உலகம் கண்டது. நீதிமன்றத்தில் அப்பதிவும், காவலர் உடையிற் பொருத்தியிருந்த கருவிகளின் பதிவுகளும், நேரில் கண்டோர் சான்றும் ஒருங்கே ஆராயப்பட்டன. 2021ஆம் ஆண்டு அக்காவலர் கொலைக்குற்றவாளி எனத் தீர்ப்பளிக்கப்பட்டது. அம்மாணவிக்குப் புலிட்சர் குழுவினர் அவ்வாண்டே சிறப்புப் பாராட்டு அளித்தனர். வெட்டப்பட்ட படம் குற்றமற்றவர்க்குக் கேடு சூழ்ந்தது. வெட்டப்படாத படம் மறைந்த உண்மையை மன்றத்தில் ஏற்றியது. அவள் படம் நம்பப்பட்டது, அது படம் என்பதனால் அன்று. இடமும் காலமும் எடுத்தவரும் தெரிந்திருந்தமையாலும், பிற சான்றுகளோடு ஒத்திருந்தமையாலுமே ஆகும்.

ஒன்றோடொன்று ஒப்பிட்டுத் தெளியும் இம்முறை தமிழர்க்குப் புதியதன்று. டாக்டர் உ.வே. சாமிநாதையர் 1887ஆம் ஆண்டு சீவக சிந்தாமணியை அச்சிடுமுன், பல ஏட்டுச் சுவடிகளைத் தேடித் தொகுத்து, பாடவேறுபாடுகளை ஒப்புநோக்கி ஆராய்ந்தார். ஒரே சுவடியை நம்பிப் பாடம் துணிதல் தகாது என்பது பதிப்பாசிரியர் அறிந்த நெறி. அதுபோலவே, ஒரே நிகழ்ச்சியைப் பற்றி இரண்டு மூன்று நிலையத்தார் தந்த செய்திப் படங்களை மாணவர்கள் ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும். எது எல்லாவற்றிலும் உள்ளது, எது ஒன்றில் மட்டும் உள்ளது, எது ஒன்றில் மட்டும் விடுபட்டுள்ளது என்று குறித்தால், செய்தியின் உறுதிப்பகுதியும் ஐயப்பகுதியும் தாமே பிரிந்து நிற்கும்.

இறுதியாக, மாணவர்களே ஒரு செய்திப் படம் ஆக்கிப் பார்த்தல் நன்று. பள்ளி விளையாட்டு விழாவை இரு குழுவினர் தனித்தனியே எடுத்து, ஒரு நிமிட அளவினதாகச் சுருக்கவேண்டும். ஒரு குழு வென்றவர் முகத்தையே காட்டும். மற்றொரு குழு தோற்றவரின் முயற்சியையும், நிழலின்றி நின்ற சிறுவர்களையும் காட்டும். இரு குழுவினரும் பொய் கூறிலர். எனினும் இரண்டு விழாக்கள் நடந்தனவோ என்று தோன்றும். ஒரு பகற்பொழுதை ஒரு நிமிடத்தில் அடக்குங்கால் கொள்வன சில, தள்ளுவன பல. தள்ளியவற்றால் உண்மை திரியாதவாறு காப்பதே செய்தியாளரின் அறம் என்பதை மாணவர்கள் தம் கைப்பழக்கத்தாலேயே உணர்வர்.

மாணவர்களே! உங்கள் கைக்கு ஒரு செய்திப் படம் வந்தால், எடுத்தவர் யார், எடுத்த இடமும் காலமும் எவை, முன்னும் பின்னும் நிகழ்ந்தவை எவை, வேறு சான்று உண்டா என்று வினவுங்கள். விடை கிடைக்காத படத்தைப் பிறர்க்கு அனுப்பாது நிறுத்துங்கள். அனுப்புவதற்கு ஒரு விரல் போதும். அதனால் விளையும் தீங்கைத் துடைக்க ஓர் ஊர் கூடினாலும் இயலாது. கண்டதைக் கண்டவாறு கூறி, கேட்டதைக் கேட்டதென்று உரைத்து, தெளிந்ததையே பிறர்க்கு வழங்கும் நன்னெறியைக் கைக்கொண்டு ஒழுகுவீர்களாக.