அன்று வீடே வாசித்தது

டிசம்பர் 31 இரவு வாட்ச் நைட் ஆராதனை முடிந்து, வாக்குத்தத்த அட்டையோடு வீடு திரும்புகிறவர்களில் பலர் மனதுக்குள் ஒரு தீர்மானம் எடுத்திருப்பார்கள்: இந்த வருடம் வேதாகமத்தை முழுவதும் வாசித்துவிட வேண்டும். கணக்கு எளிதுதான். 66 புத்தகங்கள், 1,189 அதிகாரங்கள். வாரநாளில் மூன்று, ஞாயிற்றுக்கிழமை ஐந்து என்று போனால் வருடத்துக்குள் முடிந்துவிடும். இதே கணக்கின்படி ஜனவரி கடைசி வாரத்தில் லேவியராகமம் வந்துவிடும். பலருடைய தீர்மானம் அங்கே நின்றுபோகிறது. நின்றபிறகு தன்னையே நொந்துகொள்வார்கள்: எனக்கு விசுவாசம் போதவில்லை, ஒழுங்கு போதவில்லை என்று.

இந்தக் குற்றவுணர்வில் பாதி தேவையற்றது என்பது என் எண்ணம். வேத வாசிப்பு ஒரு தனி ஆளின் தோளில் ஏறியதே அண்மைக் காலத்தில்தான். திருவனந்தபுரத்துக் கிறிஸ்தவர்களின் கதையைப் பார்த்தால் இது நன்றாகப் புரியும்.

மிஷனரி ரிங்கல்தௌபே 1806இல் திருவிதாங்கூருக்குள் வந்து மயிலாடியில் ஊழியத்தைத் தொடங்கியபோது, தென்பகுதியில் அவர் பேச வேண்டிய மொழி தமிழ். லண்டன் மிஷனரி சங்கம் (எல்.எம்.எஸ்.) அங்கிருந்து வடக்கே நகர்ந்து, 1838இல் ஜான் காக்ஸ் திருவனந்தபுரத்தில் பணியைத் தொடங்கினார். அந்தச் சபைகளில் சேர்ந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் எழுத்தறிவு மறுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்தவர்கள். புத்தகமும் அரிது, வாசிக்கத் தெரிந்தவரும் அரிது. உபதேசியார் ஒரு வசனத்தைச் சொல்ல, மற்றவர்கள் திரும்பச் சொல்லி மனப்பாடம் செய்தார்கள். பத்துக் கட்டளை, விசுவாசப் பிரமாணம், கர்த்தருடைய ஜெபம் மூன்றையும் காதால் கேட்டே கற்றார்கள். வேதாகமப் பெண்கள் எனப்பட்ட பெண் ஊழியர்கள் வீடு வீடாகப் போய், திண்ணையிலும் அடுக்களை வாசலிலும் உட்கார்ந்து பெண்களுக்கு உரக்க வாசித்துக் காட்டினார்கள். மிஷன் பள்ளியில் எழுத்துக் கூட்டப் பழகிய பிள்ளை வீட்டில் வாசிக்க, பெரியவர்கள் கேட்டார்கள். தலைமுறை தலைமுறையாக அடக்கப்பட்ட ஒரு குடும்பத்தில் பத்து வயதுப் பெண்குழந்தை சங்கீதத்தை உரக்க வாசிப்பது எவ்வளவு பெரிய காரியம் என்பதை இன்று நாம் எளிதில் மறந்துவிடுகிறோம். பாளையம் எல்.எம்.எஸ். வளாகத்தில் 1906இல் எழுந்த, மிஷனரி மட்டீரின் நினைவு ஆலயத்தைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு அதன் கட்டடத்தைவிட இந்தக் குரல்கள்தான் நினைவுக்கு வரும்.

அந்த வழக்கம் குடும்ப ஜெபமாக நெடுங்காலம் நீடித்தது. விளக்கு வைத்ததும் பாய் விரியும். ஒரு பாட்டு, நேற்று விட்ட இடத்திலிருந்து ஒரு அதிகாரம், ஜெபம். புத்தகத்துக்குள் கிடக்கும் ரிப்பன் நாடா எங்கே இருக்கிறதோ அங்கிருந்து வாசிப்பு தொடரும். அப்பா ஊரில் இல்லையென்றால் அம்மா வாசிப்பார். அம்மாவுக்குக் காய்ச்சல் என்றால் மூத்த பிள்ளை. லேவியராகமம் வந்தாலும் யாருக்கும் தப்பிக்க வழியில்லை. எண்ணாகமத்தின் பெயர்ப்பட்டியலையும் திக்கித் திணறி வாசித்தே ஆக வேண்டும். ஒருவர் சோர்ந்தால் மற்றவர் தாங்கினார்கள். 'தொடர்ந்து வாசிப்பது எப்படி' என்ற கேள்வியே அந்த வீட்டில் எழவில்லை.

அதை முழுக்கப் பொற்காலம் என்று சொல்லவும் மனம் ஒப்பவில்லை. கண் சொருகிய பிள்ளைகளுக்கு அர்த்தம் எட்டவில்லை. கேள்வி கேட்டால் அதட்டல் விழுந்தது. மருமகள்கள் ஒரு காதை ஜெபத்திலும் மறு காதை அடுப்பிலும் வைத்திருந்தார்கள்.

கத்தோலிக்க வீடுகளின் பாதை வேறு. அங்கே மாலை ஜெபத்தின் முதுகெலும்பு ஜெபமாலை. வேதம் கோவிலில் கேட்பது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் இறைவெளிப்பாடு பற்றிய கொள்கைத் திரட்டில், விசுவாசிகள் அனைவரும் வேதத்தை அடிக்கடி வாசிக்க வேண்டும் என்று வற்புறுத்திய பிறகு நிலைமை மாறியது. மலையாளத்தில் பி.ஓ.சி. பைபிள் 1981இல் வந்தது. தமிழில் திருவிவிலியம் பொது மொழிபெயர்ப்பு 1995இல்.

இரு சாரார் வீட்டிலும் மாலை நேரம் மெல்லக் கையைவிட்டுப் போனது. வளைகுடாவுக்குப் போனவர்களின் நாற்காலி காலியானது. 1990இல் கழக்கூட்டத்தில் டெக்னோபார்க் வந்தது. அமெரிக்கக் கடிகாரத்துக்கு வேலை செய்யும் மகனுக்கு மாலை ஏழு மணி என்பது அலுவலகத்தின் நடுப்பொழுது. ஜெப நேரத்தை டி.வி. சீரியல் எடுத்துக்கொண்டது. எல்லாரும் ஒன்றாக உட்காரும் ஒரு மணி நேரம் கரைந்ததும், வாசிப்பு ஆளுக்கொன்றாகப் பிரிந்தது.

அந்த இடத்தில் கைபேசி வந்து நின்றது. 2008இல் வெளிவந்த யூவெர்ஷன் செயலியில் இன்று தமிழும் மலையாளமும் ஆங்கிலமும் ஒரே இடத்தில் கிடைக்கின்றன. கண் மங்கிய பாட்டி எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்கிறார். புரியாத வசனத்தை மகள் வேறு மொழிபெயர்ப்பில் ஒப்பிட்டுப் பார்க்கிறாள். இவை உண்மையான லாபங்கள். ஆனால் அதே செயலி எத்தனை நாள் விடாமல் வாசித்தாய் என்று எண்ணிக் காட்டுகிறது. ஆஸ்பத்திரியில் ஒரு இரவு கழிந்தால் எண்ணிக்கை அறுந்துவிடும். அறுந்த எண்ணைப் பார்த்தே வாசிப்பைக் கைவிட்டவர்கள் உண்டு. அன்று நாடா விட்ட இடத்தைக் காட்டியது. விட்டுப்போன நாளைக் காட்டவில்லை.

வேத வாசிப்பு அட்டவணைகளை அன்று போட்டவர்கள் இந்த ஆபத்தை அறிந்தே இருந்தார்கள். ஸ்காட்லாந்தின் டண்டீ நகரத்துப் போதகர் ராபர்ட் மர்ரே மக்செய்ன் 1842இல் தம் சபைக்குப் போட்ட அட்டவணை இன்றும் உலகெங்கும் பயன்படுகிறது. நாளொன்றுக்கு நான்கு அதிகாரம். அதில் இரண்டு குடும்பத்தோடு, இரண்டு தனிமையில். வெறும் சடங்காகிவிடும், தன்னைத்தானே மெச்சவைக்கும், சுமக்க முடியாத நுகமாகிவிடும் என்ற எச்சரிக்கைகளையும் அவரே கூடச் சேர்த்து எழுதினார். நாம் அவருடைய அட்டவணையை எடுத்துக்கொண்டோம்; குடும்பத்துக்குரிய பாதியையும் எச்சரிக்கையையும் விட்டுவிட்டோம். 1879இல் ஸ்கிரிப்சர் யூனியன் இங்கிலாந்தில் சிறுவர்களுக்காகத் தொடங்கிய வாசிப்புத் திட்டத்திலும் இதே அறிவு இருந்தது: சின்னப் பகுதி, ஒரே நாளில் எல்லாரும் அதே பகுதி.

தனியே வாசித்துப் பாதியில் நின்றுபோகும் சிக்கலுக்குத் திருவனந்தபுரத்திலிருந்தே இப்போது ஒரு விடை எழுந்திருக்கிறது. 2021 ஜனவரியில் அமெரிக்கப் பாதிரியார் மைக் ஷ்மிட்ஸ் 'பைபிள் இன் எ இயர்' என்ற ஒலித்தொடரைத் தொடங்கினார்: 365 நாள், தினமும் ஏறக்குறைய இருபது இருபத்தைந்து நிமிடம், வாசிப்பும் விளக்கமும் ஜெபமும். அதன் மலையாள வடிவத்தின் குரல், திருவனந்தபுரம் மவுண்ட் கார்மல் தியான மையத்தின் ஃபாதர் டேனியல் பூவண்ணத்திலுடையது. இதன் வரிசை கவனிக்கத்தக்கது. லேவியராகமத்தைத் தனியே விடாமல் யாத்திராகமத்தோடு சேர்த்து வாசிக்கிறார்கள்; எண்ணாகமத்தோடு உபாகமம் வருகிறது. கதை ஒரு பக்கம் நகர்கிறது, சட்டம் அதன் கூடவே வருகிறது. நின்றுபோகும் இடத்தில் துணைக்கு ஆள் இருக்கிறது. புறநகர்ச் சாலை நெரிசலில் பஸ்ஸில் உட்கார்ந்திருப்பவரும், காலையில் தேங்காய் துருவிக்கொண்டிருப்பவரும் கேட்கலாம். கேட்டதைப் பற்றி இரவில் ஒரே வீட்டுக்குள் பேசவும் செய்யலாம்.

காதில் கேட்பது வாசிப்பாகுமா என்று சில பெரியவர்கள் கேட்கிறார்கள். உபதேசியாரின் குரலைக் கேட்டே விசுவாசத்தில் வளர்ந்த முன்னோர்களின் பேரப்பிள்ளைகள் நாம். கேட்பதைக் குறைவாக எண்ண நமக்கு நியாயமில்லை. ஒன்றை மட்டும் சொல்வேன்: கேட்டபின் புத்தகத்தைத் திறந்து அந்தப் பகுதியின் பத்து வசனத்தையாவது கண்ணால் வாசிக்க வேண்டும். குரலின் விளக்கம் குரலுடையது. வசனத்தோடு நாமே நேருக்கு நேர் நிற்கும் நேரம் தனியாக வேண்டும்.

ஆகையால், இந்த வருடமும் லேவியராகமத்தில் நின்றுபோனவர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். தவறிய நாட்களின் அதிகாரங்களை ஒரே மூச்சில் ஈடுகட்டப் பார்க்காதீர்கள்; இன்றைய பகுதியை இன்று எடுங்கள். வருடத்தில் முடியாவிட்டால் மூன்று வருடம் ஆகட்டும். அதைவிட முக்கியமானது, துணை தேடுங்கள். வீட்டில் ஒருவர், சபையில் ஒருவர், துபாயில் இருக்கும் தங்கை, யாராக இருந்தாலும் சரி. அதே அதிகாரத்தை அதே நாளில் வாசித்துவிட்டு, எந்த வசனம் பிடித்தது, எது புரியவில்லை என்று இரண்டு நிமிடம் போனில் பேசுங்கள். இன்று இரவே ஒருவரை அழைத்துக் கேளுங்கள்.