பூட்டிய வீட்டில் பூச்சாடிக்கு யார் தண்ணீர் விடுவது?

தெல்லிப்பழையில் வீட்டைப் பூட்டிவிட்டு ஒரு மாதம் பிள்ளைகளிடம் கனடாவுக்கோ லண்டனுக்கோ போகிறவர்கள், நாய்க்கும் கோழிக்கும் அயலில் ஆள் பிடித்துவிடுவார்கள். விறாந்தையில் நிற்கும் குரோட்டனுக்கும் அந்தூரியத்துக்கும் ஆள் கிடைப்பது கடினம். ஒப்புக்கொண்டவரும் ஒன்றில் மறந்துபோவார், அல்லது மறந்த நாட்களுக்கும் சேர்த்து ஒரேயடியாக ஊற்றிவிடுவார். இந்த வேலையைச் சின்னஞ்சிறு கணினிகளிடம் ஒப்படைக்கலாம். ஆனால் வெளிநாட்டுக் காணொளி ஒன்றைப் பார்த்து அப்படியே செய்தால் இங்கே இரண்டு இடத்தில் சறுக்கும்: ஒன்று எங்கள் தண்ணீர், மற்றது எங்கள் மின்சாரம்.

என்னென்ன வேண்டும்?

மண்ணில் செருகும் ஈரமானி, அதை வாசிக்கும் கட்டுப்பாட்டுப் பலகை, சிறிய பம்ப், தண்ணீர் டாங்கி. கட்டுப்பாட்டுப் பலகைக்கு இன்று பெரும்பாலானோர் எடுப்பது ஈஎஸ்பி32 என்ற சிப். ஷாங்காய் நகரின் எஸ்பிரெசிஃப் நிறுவனம் 2016இல் வெளியிட்ட இதற்குள்ளேயே வைஃபை இருக்கிறது. பம்ப் 5 அல்லது 12 வோல்ற்றில் ஓடுவதாக இருக்கட்டும். ஈரமான இடத்துக்கு அருகில் 230 வோல்ற் வயரைக் கொண்டுபோகவே கூடாது.

ஈரமானியில் இரண்டு வகை உண்டு. இரண்டு உலோகக் கம்பிகளுக்கிடையே மின்சாரம் எவ்வளவு கடத்தப்படுகிறது என்று பார்ப்பது மலிவான வகை. மின்னாற்பகுப்பால் அதன் கம்பிகள் விரைவில் அரித்துப்போகும். மண்ணில் பசளை கூடினாலும் அதை ஈரம் என்று எண்ணிக்கொள்ளும். மற்றது கொள்ளளவத்தை அளக்கும் வகை. மின்புலத்துக்கு இடங்கொடுக்கும் இயல்பில் காற்றை 1 என்று கொண்டால், காய்ந்த மண் ஏறத்தாழ 3 முதல் 5, தண்ணீரோ 80. இந்தப் பெரிய இடைவெளியால் மண்ணில் சிறிது தண்ணீர் சேர்ந்தாலும் அளவீடு மாறிவிடும். உலோகம் மண்ணைத் தொடாததால் இது நீண்டகாலம் உழைக்கும். மானிப் பலகையின் வெட்டு விளிம்பு வழியாக ஈரம் உள்ளே ஊறாதிருக்க வார்னிஷ் பூசிக்கொள்ள வேண்டும்.

இந்த மானி தருவது வெறும் எண். அந்த எண்ணுக்குப் பொருள் கொடுப்பது உங்கள் மண். செம்பாட்டு மண்ணும் தும்புத்தூளும் ஒரே ஈரத்தில் வெவ்வேறு எண்களைக் காட்டும். அதனால் ஒவ்வொரு கலவைக்கும், நன்றாகக் காய்ந்தபோது ஒரு எண்ணும், நிறைய நனைத்து மிகுதி வடிந்தபின் ஒரு எண்ணும் குறித்துக்கொள்ள வேண்டும். செடியின் தேவை அந்த இரண்டுக்கும் இடையில் இருக்கிறது.

எவ்வளவு விடுவது?

வேருக்கும் காற்று வேண்டும். எந்நேரமும் தண்ணீர் நின்றால் அது மூச்சுமுட்டி அழுகும். அழுகிய வேரால் நீரை உறிஞ்ச முடியாததால் இலை வாடும்; அதைத் தாகம் என்று எண்ணி நாங்கள் இன்னும் ஊற்றுவோம். கருவியும் இதே பிழையைச் செய்யக்கூடும்.

இதற்கு மூன்று விதிகள் போதும். முதலாவது, தொடங்குவதற்கு ஓர் எல்லை, நிறுத்துவதற்கு வேறோர் எல்லை. இரண்டும் ஒன்றானால் பம்ப் நிமிடத்துக்கொரு தடவை ஓடி நிற்கும். இரண்டாவது, பத்து விநாடி விட்டு, இருபது நிமிடம் பொறுத்து, மறுபடி அளக்க வேண்டும். தண்ணீர் கீழே இறங்கி மானியை எட்ட அந்த அவகாசம் தேவை. மூன்றாவதே முக்கியமானது: இரண்டு தடவை விட்டும் எண் மாறவில்லையென்றால் மூன்றாம் தடவை விடக்கூடாது. டாங்கி காலியாகியிருக்கலாம், குழாய் கழன்றிருக்கலாம், மானியை அணில் இழுத்துப் போட்டிருக்கலாம். எதுவானாலும் நிறுத்தி, ஆளைக் கூப்பிட வேண்டும்.

டாங்கியைச் சாடிகளைவிட உயரத்தில் வைக்காதீர்கள். வைத்தால், பம்ப் நின்ற பிறகும் குழாயில் நிறைந்த தண்ணீர் தன்பாட்டில் இறங்கிக்கொண்டே இருக்கும். டாங்கி வற்றும்வரை ஓயாது.

கிணற்றுத் தண்ணீர் ஏன் ஒத்துவராது?

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுதும் ஓடும் ஆறு இல்லை. வழுக்கையாற்றிலும் மாரியில் மட்டுமே நீரோட்டம். மற்றபடி எல்லாம் சுண்ணாம்புக் கல்லுக்குள் தேங்கும் நிலத்தடி நீர்தான். காங்கேசன்துறையில் சீமெந்துத் தொழிற்சாலை எழுந்ததே அந்தக் கல்லை நம்பித்தான். அதனூடாக ஊறிவரும் தண்ணீரில் கல்சியம் மிகுதி. கேத்தலின் அடியில் படிகிற அதே வெள்ளைப் படிவம், சொட்டுக் குழாயின் நுண்ணிய வாயையும் அடைக்கும். சொட்டிகளைக் கழற்றி இடைக்கிடை வினாகிரியில் ஊறவைத்தால் படிவம் கரையும்.

செடிக்கு வரும் கேடு மெதுவானது. தோட்டத்தில் மாரி மழை மண்ணைக் கழுவிவிடும். கூரைக்குக் கீழே இருக்கும் சாடிக்கு அந்த வாய்ப்பில்லை. காரத்தன்மை மாதக்கணக்கில் ஏறும். மண்ணில் இரும்புச்சத்து இருந்தும் வேர் அதை எடுக்க முடியாது. நரம்பு பச்சையாக, இடைப்பகுதி மஞ்சளாக இலை மாறும். எக்சோராவில் இதை எளிதில் காணலாம். ஈரமானி அப்போதும் எல்லாம் சரி என்றுதான் சொல்லும்.

மழைநீரே இதற்கு வழி. எங்கள் மழையில் பெரும்பங்கு ஐப்பசி தொடங்கி மார்கழிக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். மிச்ச மாதங்களுக்குச் சேமிக்க வேண்டும். கணக்கு எளிது: பத்துச் சதுர மீற்றர் கூரையில் 50 மில்லிமீற்றர் மழை விழுந்தால் 500 லீற்றர். பன்னிரண்டு சாடிக்கு மூன்று நாளைக்கொருமுறை கால் லீற்றர் வீதம் விட்டால் நாளொன்றுக்கு ஒரு லீற்றர். எட்டு வறண்ட மாதங்களுக்கு 240 லீற்றர். சோளகம் வீசும் நாட்களைப் போல எந்நாளும் செலவு இருமடங்கானாலும் 480ஐத் தாண்டாது. டாங்கியை இறுக மூடி, வாயில் நுளம்பு வலை கட்டுங்கள். டெங்கு நுளம்பு தேடுவது இப்படிப்பட்ட தெளிந்த தேங்கிய நீரைத்தான்.

மின்சாரம் போனால்?

2022 மார்ச் இறுதியில் நாட்டில் பதின்மூன்று மணிநேர மின்வெட்டு நடந்தது. 2025 பெப்ரவரி 9இல் பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்ததால் தீவு முழுதும் இருண்டது. மின்சாரம் போனால் வைஃபையும் போகும். ஆகவே தண்ணீர் விடுவதா, வேண்டாமா என்ற முடிவைச் சாடியருகில் இருக்கும் பலகையே எடுக்க வேண்டும். அதற்கு ஒரு பற்றறி போதும். மின் வந்து பலகை மறுபடி உயிர்க்கும் கணத்தில் பம்ப் தவறுதலாக ஓடாதபடி சுற்றை அமைப்பதும் அவசியம்.

தொலைதூர சேவையகத்தைக் கேட்டுத்தான் இயங்கும் கருவிகளுக்கு இன்னோர் ஆபத்து உண்டு. அமெரிக்காவின் இன்ஸ்டியோன் நிறுவனம் 2022 ஏப்ரலில் முன்னறிவிப்பின்றிச் சேவையகங்களை நிறுத்தியபோது, வாடிக்கையாளர்களின் வீட்டுக் கருவிகள் தொலைவிலிருந்து வந்த கட்டளைக்குச் செவிசாய்ப்பதை நிறுத்தின.

அப்படியானால் வலையமைப்பு எதற்கு?

செய்தி சொல்வதற்கு. 2006இல் நியூயோர்க் பல்கலைக்கழக மாணவர்கள் செய்த பொட்டானிகால்ஸ், தாகமெடுத்த செடி உரியவரைத் தொலைபேசியில் அழைக்கும் ஏற்பாடு. தண்ணீர் விட்டது மனிதர்தான்.

வீட்டுக்குள் செய்தி கொண்டுபோக எம்.கியூ.ரி.ரி. என்ற நெறிமுறை பொருத்தமானது. செய்மதி வழியே எண்ணெய்க் குழாய்களைக் கண்காணிக்க அண்டி ஸ்ரான்போர்ட் கிளார்க்கும் ஆர்லன் நிப்பரும் 1999இல் ஆக்கியது இது. மெலிந்த, அடிக்கடி அறுகிற இணைப்புக்கென்றே பிறந்தது. நடுவில் இருக்கும் தரகர் மென்பொருள் தபாற்கந்தோர் போல: சாடி அங்கே ஈர அளவைப் போடும், வேண்டியவர்கள் எடுத்துக்கொள்வார்கள். ஒவ்வொரு கருவியும் தன் இறுதிச் செய்தியைத் தரகரிடம் முன்கூட்டியே கொடுத்துவைக்கலாம். இணைப்பு திடீரென அறுந்தால் தரகர் அதை மற்றவர்களுக்கு அனுப்பிவிடும். பேசாமல் கிடக்கும் கருவி நலமாயிருக்கிறதா, செத்துவிட்டதா என்ற குழப்பம் இதனால் நீங்கும். தரகர் மென்பொருளை ராஸ்பெரி பை என்ற சிறு கணினியிலோ பழைய மடிக்கணினியிலோ இயக்கலாம்.

ரொறன்ரோவில் இருக்கும் மகள் பார்க்க வேண்டுமென்பதற்காக ரவுட்டரின் வாசலைத் திறந்துவிடாதீர்கள். கடவுச்சொல் மாற்றாத கமராக்களையும் ரவுட்டர்களையும் கைப்பற்றித்தான் 2016இல் மிராய் என்ற தீநிரல் இணையத்தையே உலுக்கியது. வி.பி.என். என்ற மறையாக்கிய தனிவழியாகப் பார்ப்பதே பாதுகாப்பு.

எங்கே தொடங்குவது?

ஒரு சாடியில் தொடங்குங்கள். முதல் மாதம் பம்பை இணைக்க வேண்டாம். நீங்கள் வழமைபோலக் கையால் தண்ணீர் விடுங்கள். கருவி அளந்து எழுதட்டும். எந்த எண்ணில் உங்கள் கை வாளியை எடுக்கிறது, எந்த எண்ணில் நிறுத்துகிறது என்பது பட்டியலில் தெரியும். பம்புக்குக் கொடுக்க வேண்டிய எல்லைகள் அவைதான். மாவுப்பூச்சியை எந்த மானியும் காணாது. அதற்காகவாவது, பயணம் போகும்போது ஒருவரை வாரம் ஒருமுறை எட்டிப்பார்க்கச் சொல்லுங்கள். தண்ணீர் விட வேண்டாம் என்று அவரிடம் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்.