பழைய கார்: யாரிடம் வாங்குவது?

கார் வாங்க முடிவெடுத்தவுடன் நம்மில் பெரும்பாலோர் கேட்கும் முதல் கேள்வி, எந்த வண்டி என்பது. அடுத்தது, என்ன விலை என்பது. யாரிடம் வாங்குகிறோம் என்ற கேள்வி எழுவதற்குள் முன்பணம் கைமாறிவிடுகிறது. புதிய காருக்கு இது பெரிய குறையன்று. தயாரித்த நிறுவனத்தின் உத்தரவாதம் வண்டியோடு வந்துவிடும். பழைய கார் வாங்க எண்ணும் அன்பு வாசகர்களே, உங்களுக்கு இக்கேள்வியே முதன்மையானது.

என் மைத்துனர் சில ஆண்டுகளுக்கு முன் தமது காரை ஓர் ஆட்டோ கன்சல்டிங் கடையில் விற்றார். பெயர் மாற்றத்திற்குரிய படிவம் 29, 30 இரண்டிலும் வாங்குபவர் பெயர் எழுதப்படாமலே அவரிடம் கையொப்பம் பெற்றுக்கொண்டனர். எட்டு மாதம் கழித்து, வேற்றூரில் வேகமாக ஓட்டியதற்கான அபராதச் செய்தி அவருடைய கைப்பேசிக்கு வந்தது. வண்டி இரண்டு கை மாறியிருந்தது, ஆர்.சி. புத்தகத்தில் பெயர் மட்டும் மாறவில்லை. அபராதத்தோடு போயிற்றே என்று இறைவனைப் புகழ்ந்தோம்.

ஏனெனில் அது விபத்தாகவும் இருந்திருக்கலாம். 2007இல் விற்கப்பட்டுப் பல கை மாறிய ஒரு கார் 2009இல் விபத்துக்குள்ளாயிற்று. பதிவேட்டில் யார் பெயர் இருந்ததோ, அந்த முதல் உரிமையாளரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018இல் தீர்ப்பளித்தது.

இந்தத் திறந்த கையொப்பம் விற்பவரை மட்டும் வருத்துவதன்று. நீங்கள் வாங்கும்போது கடைக்காரர் காட்டும் தாளில் ஒப்பமிட்டவர் இடையில் இறந்திருந்தால் என் செய்வீர்கள்? இக்குறையைக் களையவே 2023 ஏப்ரல் முதல் புதிய விதிகள் நடைமுறைக்கு வந்தன. பழைய வாகன வணிகர் பதிவு அதிகாரியிடம் அங்கீகாரச் சான்று பெற வேண்டும். அது ஐந்து ஆண்டுகளுக்குச் செல்லும். உரிமையாளர் வண்டியை ஒப்படைத்ததும் அச்செய்தியைப் படிவம் 29சி வழியாக அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும். கடையில் நுழைந்ததும் முதலில் இச்சான்றைக் கேளுங்கள். கேட்டால் கோபப்படும் கடைக்காரரிடம் மேற்கொண்டு பேச எதுவுமில்லை.

மாருதி போன்ற கார் நிறுவனங்களே பழைய கார் விற்பனைக் கிளைகளை நடத்துகின்றன. விலை சற்றுக் கூடுதல். ஆனால் வண்டியைப் பரிசோதித்து, குறிப்பிட்ட வண்டிகளுக்கு உத்தரவாதமும் தருகிறார்கள். பொருளின் குறையை மறைத்து விற்றால் வாங்கியவர் திருப்பிக் கொடுக்கலாம் என்று ஃபிக்ஹு பாடத்தில் மாணவர்களுக்குக் கற்பிக்கிறேன். அவ்வுரிமை கைக்கு எட்ட வேண்டுமானால் விற்றவர் நாளையும் அதே இடத்தில் இருக்க வேண்டுமல்லவா? கூடுதல் விலை அதற்காகத்தான்.

கன்சல்டிங் கடைகளில் நாணயமானவர்களும் உண்டு; நெடுநாள் அதே தெருவில் கடை வைத்திருப்பவரை ஊரே அறியும். வங்கி ஏலத்தில் விலை மிகக் குறைவுதான். ஆனால் உள்ளது உள்ளபடி என்பதே அங்கு நிபந்தனை. பெரும்பாலும் ஓட்டிப் பார்க்கவும் விடமாட்டார்கள். இயந்திரம் அறிந்தவர்க்கே அது ஏற்றது.

எங்கு வாங்கினாலும் உங்களுக்குத் தெரிந்த மெக்கானிக்கை உடன் அழைத்துச் செல்லுங்கள். கடைக்காரர் காட்டும் மெக்கானிக் வேண்டாம். 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தைப் போன்ற பேரிடருக்குப்பின், நீரில் மூழ்கிய கார்கள் பளபளவென்று துடைக்கப்பட்டுத் தொலைவூர்ச் சந்தைகளுக்குச் செல்வதுண்டு. இருக்கைப் பட்டையை முழுதும் வெளியே இழுத்துப் பாருங்கள். சேற்றுக் கறை அடிப்பகுதியில் தங்கியிருக்கும். விரிப்பைத் தூக்கித் துருவையும் பாருங்கள். கிலோமீட்டர் கணக்கை மட்டும் நம்பற்க. அதைக் குறைத்துக் காட்ட முடியும். சர்வீஸ் ரசீதுகளோடு ஒப்பிட வேண்டும். வண்டிமீது கடன் இருந்திருந்தால் வங்கியின் தடையில்லாச் சான்றும் படிவம் 35உம் இல்லாமல் முழுப்பணம் தராதீர்கள். வாங்கிய 14 நாட்களுக்குள் காப்பீட்டையும் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பியுங்கள்.

மைத்துனர் சென்ற ஆண்டு மீண்டும் ஒரு பழைய கார் வாங்கினார். இம்முறை பக்கத்து ஊர் ஆசிரியர் ஒருவரிடம் நேரடியாக. இருவரும் ஒரே வண்டியில் வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் சென்று, பெயர் மாற்ற விண்ணப்பத்தைக் கொடுத்து ரசீது பெற்ற பிறகே மீதிப் பணம் கைமாறியது. திரும்பும்போது ஆசிரியரை அவர் வீட்டு வாசலில் இறக்கிவிட்டு வந்தார்.