அட்டை எழுதிய ஆசிரியர்கள்

ஆசிரியர் பட்டயமும் நியமன ஆணையும் ஒருவரை வேலையில் அமர்த்தும். ‘நாங்கள் ஆசிரியர்கள்’ என்று நெஞ்சு நிமிர்த்திச் சொல்ல வைப்பது கூடிச் செய்த வேலை. தமிழகத்தில் 2003-ஆம் ஆண்டு இதற்கு நல்ல சாட்சி.

அந்த ஆண்டு ஜூலையில் அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். லட்சத்துக்கும் மேற்பட்டோரை அரசு பணிநீக்கம் செய்தது. ஓய்வூதியமும் உரிமையும் கேட்டு நின்ற ‘நாங்கள்’ அது.

அதே ஆண்டில் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் இன்னொரு ‘நாங்கள்’ உருவானது. அப்போதைய ஆணையர் எம்.பி. விஜயகுமாரின் முயற்சியில் அங்கே செயல்வழிக் கற்றல் தொடங்கியது. ஆந்திராவின் மதனப்பள்ளி அருகே ரிஷி வேலியில் நடந்துவந்த கிராமப் பள்ளிகளை மாநகராட்சி ஆசிரியர்கள் நேரில் பார்த்துவிட்டு வந்தார்கள். பிறகு பாடங்களைச் சிறு சிறு படிகளாகப் பிரித்து, படிக்கொரு அட்டை எழுதினார்கள். எந்த எழுத்தை முதலில் சொல்லித் தருவது, கழித்தலுக்குப் போகுமுன் எவ்வளவு பயிற்சி வேண்டும் என்றெல்லாம் பேசி முடிவெடுத்தால்தான் அட்டை எழுத முடியும். அதுவரை தனித்தனி வகுப்பறைக்குள் கிடந்த அனுபவம் அப்படித்தான் பொதுச்சொத்தானது.

வகுப்பறையும் மாறியது. ஆசிரியர் நாற்காலியை விட்டு இறங்கிப் பிள்ளைகளோடு பாயில் உட்கார்ந்தார். சுவரின் அடிப்பகுதியில் பிள்ளைகள் எழுதக் கரும்பலகை வந்தது. தலைக்கு மேல் கட்டிய கம்பியில் அவர்கள் வரைந்த படங்கள் தொங்கின. பழகிய முறையைக் கைவிடுவதற்குத் துணிச்சல் வேண்டும். பக்கத்து வகுப்பு டீச்சரும் பாயில்தான் இருக்கிறார் என்பது அந்தத் துணிச்சலைத் தரும்.

மாநகராட்சியின் 264 பள்ளிகளுக்கும் பரவிய இந்த முறை, 2007-08-இல் மாநிலம் முழுவதும் 37,000-க்கும் அதிகமான பள்ளிகளுக்குப் போனது. இந்தத் தடவை அட்டைகள் அச்சாகி வந்தன. எழுதியவர்களுக்கு அவை ‘நம்ம அட்டை’. பெற்றுக்கொண்ட பலருக்கு மேலிடத்து உத்தரவு.

கூடி உருவாக்கியதுதான் நம்முடையதாகும் என்ற இந்தப் பாடம், தொடக்க வகுப்புகளுக்காக 2022-இல் வந்த ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்துக்கும் பொருந்தும். அக்கம்பக்கத்துப் பள்ளிகளின் ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டத்தில் அறிவுரை கேட்டுக் கையெழுத்திட்டுத் திரும்பும் ஆசிரியருக்கு அங்கே பேச்சும் வேண்டும். ஒருவர் பாடம் நடத்தட்டும், மற்றவர்கள் பார்த்துக் கேள்வி கேட்கட்டும், அவர்கள் சொல்லும் திருத்தம் அடுத்த கையேட்டில் ஏறட்டும். சங்கம் ஆசிரியரின் உரிமையைக் காக்கும். அவர் தொழிலின் பெருமையைக் காப்பது இந்தக் கூட்டு உழைப்புதான். அதற்கு நேரமும் அதிகாரமும் ஒதுக்குவது கல்வித்துறையின் கடமை.