கொக்கியின் மேல் 150 கிலோ

படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ளடங்கிய பயண டிரெய்லர் ஒன்றைச் செய்து, பிக்கப் வண்டியில் மாட்டி, குடும்பத்தோடு ராமேஸ்வரம் போய்வர ஆசைப்படுகிறவர் முதலில் கேட்பது, "எத்தனை குதிரைத்திறன் வண்டி வாங்கணும்?" என்பதைத்தான். கேள்வியின் வரிசை மாற வேண்டும். டிரெய்லர் எத்தனை கிலோ, அதில் எத்தனை கிலோ வண்டியின் கொக்கி மேல் உட்காரும், இறக்கத்தில் அதைப் பிடித்து நிறுத்துவது எது, இந்த மூன்றும் தெரிந்த பிறகு குதிரைத்திறன் நாலாவதாக வந்தால் போதும். ஏன் என்பதற்கு எண்களே பதில் சொல்லும்.

நால்வர் தூங்கும் டிரெய்லர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். கீழே வருபவை என் மதிப்பீடுகள். கட்டும்போது ஒவ்வொன்றும் மாறும். சேஸிஸ், ஆக்சில், டயர், ஜாக்கி சேர்த்து 320 கிலோ. தரை, சுவர், கூரை 380. கட்டில், அலமாரி, சமையல் மேடை 170. ஒரு டன் ஏசி 45. டியூபுலர் ஈய பேட்டரி இரண்டு 110. தண்ணீர் 100 லிட்டர், அதாவது 100 கிலோ. 5 கிலோ கேஸ் சிலிண்டர் இரண்டு, இரும்பின் எடையோடு 25. கழிப்பறையும் குழாய்களும் 40. துணிமணி, பாத்திரம், அரிசி பருப்பு 120. கூட்டினால் 1,310 கிலோ. எந்தப் பட்டறையிலும் வரைபடத்தில் உள்ள எடையோடு வண்டி வெளியே வருவதில்லை. இங்கே ஒரு ஆங்கிள், அங்கே ஒரு பிளேட் என்று 15 சதவீதம் ஏறிவிடும். ஆகவே 1,500 கிலோ என்றே கணக்கெழுதுவது நல்லது.

திருச்சிக்காரருக்கு இதில் ஒரு வசதி உண்டு. 1965-இல் தொடங்கிய திருச்சி பெல் (BHEL) ஆலையை ஒட்டி வளர்ந்த துவாக்குடிப் பட்டறைகளில் கொதிகலனுக்கான அழுத்தக் குழாய்களையே பற்றவைத்துப் பழகிய கைகள் இருக்கின்றன. பஸ் பாடி கட்டப் பேர்போன கரூர் 80 கிலோமீட்டரில். இரும்பைத் தேவைக்கு மேல் போடாதீர்கள் என்பது மட்டும்தான் அவர்களிடம் வற்புறுத்திச் சொல்ல வேண்டியது. உறுதி என்றால் கனம் என்று நினைக்கும் பழக்கம் லாரிக்குச் சரி, இழுத்துச் செல்லும் வீட்டுக்கு ஆகாது. ஈய பேட்டரிக்குப் பதில் லித்தியம் போட்டாலே 70 கிலோ மிச்சம். அதுபோக, அந்த இரண்டு ஈய பேட்டரியில் பாதிக்கு மேல் இறக்கக் கூடாது என்பதால் கைக்கு வருவது 1.8 யூனிட் மின்சாரம். திருச்சியின் மே மாதத்தில் ஏசி அதில் இரண்டு மணி நேரம் ஓடினால் பெரிது. ராத்தங்கும் இடத்தில் 16 ஆம்பியர் பிளக் கிடைக்குமா என்று கேட்டுவிட்டுத்தான் கிளம்ப வேண்டும்.

இப்போது இழுவை. வண்டியும் ஆட்களும் 2,500 கிலோ, டிரெய்லர் 1,500, ஆக 4,000 கிலோ. பத்துக்கு ஒன்று என்ற செங்குத்தான ஏற்றத்தில் மேட்டுக்காக 400 கிலோ விசை, டயர் உருளும் தடைக்காக 60 கிலோ விசை. மணிக்கு 30 கிலோமீட்டரில் ஏற இதற்கு வேண்டியது ஏறக்குறைய 51 குதிரைத்திறன். சமதளத்தில் 80 கிலோமீட்டர் வேகத்தில் போனால், 2.1 மீட்டர் அகலமும் 2.5 மீட்டர் உயரமும் உள்ள டிரெய்லர் முகத்தில் மோதும் காற்றையும் சேர்த்து 46. ஸ்ரீசிட்டியில் தயாராகும் இசுசு வி-கிராஸின் 1.9 லிட்டர் டீசல் எஞ்சின் தருவது 163, திருகுவிசை 360 நியூட்டன் மீட்டர். 2022 மார்ச்சில் இங்கே விற்பனைக்கு வந்த டொயோட்டா ஹைலக்ஸின் 2.8 லிட்டர் எஞ்சின் 204 தருகிறது. மேனுவல் கியரில் 420, ஆட்டோமேட்டிக்கில் 500 நியூட்டன் மீட்டர். இரண்டில் எது வாங்கினாலும் இழுத்துவிடும். வேகத்தை 80-லிருந்து 100-க்கு ஏற்றினால் காற்றின் தடை மட்டும் 56 சதவீதம் கூடுகிறது. டீசல் காசு கரைவது அங்கேதான்.

சிக்கல் கொக்கியில் இருக்கிறது. டிரெய்லரின் மூக்கு, கொக்கியின் குண்டு மேல் கீழ்நோக்கி அழுத்த வேண்டும். மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் வரை. அதற்குக் குறைந்தால் டிரெய்லர் வேகத்தில் வாலாட்டத் தொடங்கும். 1,500 கிலோவுக்கு 10 சதவீதமே 150 கிலோ. பின் ஆக்சிலுக்கு 1.2 மீட்டர் பின்னால், 3.1 மீட்டர் வீல்பேஸ் உள்ள வண்டியில் இந்த 150 கிலோ உட்கார்ந்தால் பின் ஆக்சில் மேல் ஏறுவது 208 கிலோ. முன் ஆக்சிலிலிருந்து 58 கிலோ தூக்கிக்கொள்ளும். ஸ்டியரிங் லேசாவதும் முன் பிரேக்கின் பிடி குறைவதும் இதனால்தான்.

வண்டியின் பேலோடு 500 கிலோ என்று வைத்துக்கொண்டு வரவு செலவு எழுதிப் பாருங்கள். நாலு பேர் 260, பின் தொட்டியில் சாமான் 60, கொக்கிச் சட்டம் 30, மூக்கு எடை 150. மொத்தம் சரியாக 500. பாட்டி ஒருவரை ஏற்ற இடம் இல்லை! ஆஸ்திரேலியாவில் ஹைலக்ஸும் இசுசு டி-மேக்ஸும் பிரேக் உள்ள டிரெய்லரை 3,500 கிலோ வரை இழுக்கும் என்று அறிவித்து விற்கப்படுகின்றன. அந்த எண்ணைப் பார்த்து இங்கே டிரெய்லர் கட்டக் கூடாது. நீங்கள் வாங்கும் மாடலுக்கு இழுவை எடை எவ்வளவு, கொக்கி எடை எவ்வளவு, கொக்கி பொருத்தினால் வாரண்டி நிற்குமா, மூன்றையும் டீலரிடம் எழுத்தில் வாங்குங்கள். ஷோரூமில் நான் பார்க்கச் சொல்லும் முதல் எண் எஞ்சின் அல்ல, கதவோரத் தகட்டில் உள்ள மொத்த எடை.

மூக்கு எடையை அறியத் தனிக் கருவி வேண்டாம். லாரிகள் நிற்கும் எடைமேடை போதும். டிரெய்லரைக் கழற்றி முழுதாக மேடையில் நிறுத்தி ஒரு சீட்டு. பிறகு மூக்கின் ஜாக்கி மட்டும் மேடைக்கு வெளியே தரையில் நிற்கும்படி தள்ளி இன்னொரு சீட்டு. வித்தியாசம்தான் மூக்கு எடை. ஆக்சிலுக்கு ஒரு மீட்டர் முன்னால் தண்ணீர்த் தொட்டி இருந்து, ஆக்சிலுக்கும் குண்டுக்கும் 3.6 மீட்டர் இருந்தால், தொட்டி காலியானதும் மூக்கில் 28 கிலோ குறையும். காலையில் குளித்துவிட்டுக் கிளம்பும் வண்டி, முந்தின நாள் வந்த வண்டியாக இருக்காது.

அடுத்தது பிரேக். இதில் நம் பக்கத்துப் பழக்கம் ஆபத்தானது. லால்குடிப் பக்கம் டிராக்டர் பின்னால் கரும்பு ஏற்றிப் போகும் டிரெய்லர்கள் பலவற்றில் பிரேக்கே கிடையாது. மணிக்கு 25 கிலோமீட்டரில் ஊர்வதால் ஓடிவிடுகிறது. அதே எடையை 80-இல் இழுத்தால் அடக்க வேண்டிய ஆற்றல் பத்து மடங்குக்கு மேல். ஐரோப்பாவிலும் ஆஸ்திரேலியாவிலும் 750 கிலோவைத் தாண்டினால் டிரெய்லருக்குத் தன் பிரேக் கட்டாயம். நம் 1,500 அதற்கு இரு மடங்கு. முன் வண்டி வேகம் குறைக்கும்போது டிரெய்லரே முன்னால் முட்டி அந்த அழுத்தத்தில் பிரேக் பிடிக்கும் ஓவர்ரன் வகை இருக்கிறது, ஓட்டுநர் இடத்திலிருந்து இயக்கும் மின்சார வகையும் இருக்கிறது. பணம் குறைந்தால் ஏசியை வெட்டுங்கள், இதை வெட்டாதீர்கள். கனமான ஒன்றை நகர்த்துவதைவிட நிறுத்துவதே பெரிய வேலை என்பது தேர் ஓடும் ஊர்க்காரர்களுக்குத் தெரியாததல்ல. வடத்தை ஆயிரம் பேர் பிடிக்கலாம். முட்டுக்கட்டை போடுகிறவர் கையில்தான் தேர் இருக்கிறது. திருவாரூர் ஆழித்தேருக்கு இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் செய்து கொடுத்தது திருச்சி பெல்தான்.

அமெரிக்கச் சாலைகளில் வீட்டை இழுக்கும் ஃபோர்டு எஃப்-250 போன்ற வண்டி வேண்டாமா? 6.7 லிட்டர் டீசல், 475 குதிரைத்திறனுக்குக் குறையாத எஞ்சின், ஆறு மீட்டரைத் தாண்டும் நீளம், இரண்டு மீட்டர் அகலம். அங்கே நாலைந்து டன் டிரெய்லர் சாதாரணம், அதற்கு அது தேவை. இங்கே அது விற்பனையில் இல்லை, ஸ்டியரிங்கும் இடப்பக்கம். புதிய வண்டி இறக்குமதிக்கு வலப்பக்க ஸ்டியரிங் வேண்டும் என்பது விதி. 1,500 கிலோவுக்கு அதைத் தேடுவது வீண்.

5.3 மீட்டர் பிக்கப்பும் 5.5 மீட்டர் டிரெய்லரும் சேர்ந்தால் 10.8 மீட்டர், ஏறக்குறைய ஒரு பேருந்து நீளம். சட்டம் அனுமதிக்கும் அகலம் 2.6 மீட்டர் என்பதால் 2.1-க்குத் தடை இல்லை. ஆனால் ஸ்ரீரங்கத்தில் உத்திர வீதியிலும் சித்திரை வீதியிலும் திருவிழா நாளில் இந்த நீளத்தைத் திருப்புவது நடவாத காரியம். காவிரிப் பாலம் தாண்டி ஊருக்குள் நுழையாமல், கொள்ளிடக் கரையோரம் பஞ்சக்கரைச் சாலையில் யாத்ரி நிவாஸ் பக்கமாக இடம் விசாரித்து நிறுத்திவிட்டு நடப்பதே வழி. டிரெய்லரும் சட்டப்படி ஒரு மோட்டார் வாகனம், அதற்குத் தனிப் பதிவு வேண்டும். ஸ்ரீரங்கம் தீவில் குடியிருப்பவர் டிஎன்-48 அலுவலகத்தில் வரைபடத்தைக் காட்டி ஒப்புதல் கேட்ட பிறகே பட்டறைக்கு முன்பணம் கொடுக்க வேண்டும்.

பணக் கணக்கு கசக்கும். பிக்கப் ரோட்டுக்கு வர 32 லட்சம், டிரெய்லருக்கு 10 லட்சம் என்று ஒதுக்கினால் 42 லட்சம். 8 சதவீத வட்டியே ஆண்டுக்கு 3,36,000 ரூபாய். வருடத்தில் 30 இரவு தங்கினால் ஓர் இரவுக்கு 11,200, டீசல் சேராமல். அந்தக் காசுக்கு நல்ல ஓட்டலில் இரண்டு அறை கிடைக்கும். தொட்டியத்தில் வாழைத் தோப்போ முசிறியில் நிலமோ இருந்து, பிக்கப் எப்படியும் தேவைப்படுகிற குடும்பத்துக்குக் கணக்கு வேறு. டிரெய்லரின் 10 லட்சத்துக்கு மட்டும் வட்டி 80,000, இரவுக்கு 2,667. என்னைக் கேட்டால் அந்தக் குடும்பம்தான் இதில் இறங்கலாம். திருச்சியிலிருந்து ராமேஸ்வரம் போய்வர 470 கிலோமீட்டர். தனி வண்டி லிட்டருக்கு 12, டிரெய்லரோடு 8 என்று வைத்து, டீசல் 93 ரூபாய் என்றால் 3,643 ரூபாய் 5,464 ஆகிறது. கூடுதல் 1,821. வட்டியின் முன்னால் இது சிறு காசு.

இருவர் மட்டும் போகிறவர்களுக்கு இழுக்கத் தேவையே இல்லை. 2,000 கிலோ ஏற்றும் பொலேரோ மேக்ஸ் பிக்கப் 80 குதிரைத்திறனில் ஓடுகிறது. அதன் தளத்தில் 700 கிலோ அறை ஒன்றை வைத்தால் கொக்கியும் இல்லை, மூக்கு எடையும் இல்லை. மாற்றத்துக்குப் பதிவு அலுவலகத்தின் அனுமதி மட்டும் வேண்டும்.

கடைசியாகக் கொல்லிமலை. 70 கொண்டை ஊசி வளைவு, சுமார் 1,000 மீட்டர் இறக்கம். 4,000 கிலோ அங்கிருந்து இறங்கும்போது வெளியேற வேண்டிய ஆற்றல் 39 மெகாஜூல், 134 லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து கொதிக்க வைக்கும் அளவு. டிரெய்லர் இல்லாமல் இறங்கினால் 24.5 மெகாஜூல். இரண்டாம் கியரில் எஞ்சினும் டயர் உருளும் தடையும் பிடிப்பது ஒரு பங்கு, மிச்சம் முழுக்கப் பிரேக் தட்டில் சூடாக இறங்கும். 10.8 மீட்டர் நீளம் அந்த வளைவுகளில் எதிர்வரும் பேருந்துக்கு வழிவிடவும் முடியாது. டிரெய்லரை அடிவாரத்தில் காரவள்ளியில் இடம் கேட்டு நிறுத்துங்கள். பிக்கப்பை மட்டும் மேலே கொண்டுபோங்கள்.