காரின் மூளை நனைந்தால்...

2015 டிசம்பர் 2 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பெய்தது. அடையாறு கரை புரண்டு முடிச்சூர், வரதராஜபுரம் தெருக்களுக்குள் பாய்ந்தது. வாசலில் நின்ற கார்கள் மூழ்கிப் போயின.

வெள்ளம் வடிந்தபின் எங்கள் தெருவில் ஒரு விநோதம். இரண்டு கார்கள் ஒரே அளவு நனைந்திருந்தன. ஒன்று, எண்ணெய் மாற்றித் துடைத்ததும் ஓடியது. மற்றது வாடகைக் கார், அது அசையவில்லை. "கம்ப்யூட்டர் போய்விட்டது, புதிதுதான் போடவேண்டும்" என்று பழுது பார்க்கும் இடத்தில் சொல்லிவிட்டார்கள். கேட்ட தொகையோ ஓட்டுநரின் இரண்டு மாத வருமானத்திற்கும் மேல். "சார், பிசிக்ஸ் வாத்தியாராச்சே நீங்க, இதை ரிப்பேர் பண்ணவே முடியாதா?" என்று அவர் என்னிடம் கேட்டார்.

காருக்குள் கம்ப்யூட்டருக்கு என்ன வேலை? அந்தக் கால அம்பாஸடரில் காற்றையும் பெட்ரோலையும் கார்புரேட்டர் கலந்து கொடுத்தது. இன்றைய கார்களில் அந்தக் கணக்கை உள்ளங்கையளவுள்ள ஒரு பெட்டி போடுகிறது. எஞ்சின் நிமிடத்திற்கு 3000 முறை சுழன்றால், ஒரு சுழற்சிக்கு 20 மில்லி விநாடி. இரண்டு சுழற்சிக்கு ஒருமுறை ஒவ்வொரு சிலிண்டருக்கும் எரிபொருள் வேண்டும். ஆகவே 40 மில்லி விநாடிக்கு ஒருமுறை, எவ்வளவு நேரம் பீச்சுவது, எப்போது பொறி தட்டுவது என்று அது முடிவு செய்தாகவேண்டும்.

தூய நீர் மின்சாரத்தை மிகக் குறைவாகவே கடத்தும். ஆனால் வெள்ள நீரில் உப்பும் சாக்கடையும் கலந்திருக்கின்றன. சாவியை எடுத்துவிட்டாலும் பெட்டியின் சில முனைகளில் பாட்டரியின் 12 வோல்ட் இருந்துகொண்டே இருக்கும். பள்ளி ஆய்வுக்கூடத்தில் மயில்துத்தக் கரைசலில் இரு செம்புத் தகடுகளை வைத்து மின்சாரம் செலுத்திப் பார்த்திருப்பீர்கள். நேர்முனைச் செம்பு கரைகிறது; எதிர்முனையில் செம்பு படிகிறது. பெட்டிக்குள்ளும் நடந்தது அதே சோதனைதான்! முடியளவுள்ள செம்புத் தடங்கள் ஒருபுறம் அரிக்கப்பட்டன. மறுபுறம் செம்பு கிளைவிட்டு வளர்ந்து, இணையக் கூடாத தடங்களை இணைத்தது.

ஓடிய காரின் சொந்தக்காரர், தண்ணீர் ஏறுமுன் பாட்டரியைக் கழற்றி மாடிக்குக் கொண்டுபோயிருந்தார். காரின் மீதுள்ள அக்கறையால் அல்ல. மின்சாரம் போனால் ஒரு விளக்கு எரிக்கலாமே என்றுதான்.

வாடகைக் காரை, தாம்பரத்துச் சந்து ஒன்றில் எலெக்ட்ரானிக்ஸ் வேலை செய்யும் ஒருவரிடம் கொண்டுபோனோம். அவர் பெட்டியைத் தொடவே இல்லை. முதலில் மல்டிமீட்டரால் கம்பிகளைச் சோதித்தார். இதுதான் சரியான முறை. பழி கம்ப்யூட்டர் மீது விழுகிறது. குற்றவாளி பல சமயம் ஒரு கம்பிதான். உதாரணமாக, எஞ்சினின் வெப்பத்தை அளக்கும் உணரியில் வெப்பம் ஏற ஏற மின்தடை குறையும். அதன் கம்பி அறுந்துவிட்டால் தடை எல்லையற்றதாகிவிடும். பெட்டி அதைக் கடுங்குளிர் என்று எடுத்துக்கொள்ளும். தாம்பரத்து வெயிலில் நிற்கும் காருக்குச் சோதனைக் கருவி மைனஸ் 40 டிகிரி காட்டும்!

இந்தக் காரில் எர்த் கம்பியின் முனை பச்சைக் களிம்பு பிடித்திருந்தது. அதைச் சுரண்டியும் பயனில்லாததால் பெட்டியைத் திறந்தார். இரண்டு தடங்கள் அரித்திருந்தன. ஒரு டிரான்சிஸ்டர் எரிந்திருந்தது. பலகையை ஆல்கஹாலால் கழுவி உலர்த்தி, தடங்களுக்குப் பதில் மெல்லிய கம்பி பற்றவைத்து, டிரான்சிஸ்டரை மாற்றினார்.

புதுப்பேட்டையில் பழைய பெட்டி ஒன்றை வாங்கி மாட்டியிருக்கலாமே என்று கேட்பீர்கள். பெரும்பாலும் பலிக்காது. சாவிக்குள் ஒரு இரகசிய எண் உண்டு. அந்தச் சாவியை அடையாளம் காணும் விவரம் காரின் நினைவகத்தில் இருக்கும். வேறு காரின் பெட்டி இந்தச் சாவியை அறியாது, எஞ்சினை ஓடவிடாது. புதுப் பெட்டிக்கும் தக்க கருவியால் சாவியைக் கற்பித்தாகவேண்டும். பழுது பார்த்த பெட்டியிலோ பழைய நினைவு அப்படியே இருக்கிறது.

எல்லாப் பெட்டியும் இப்படிப் பிழைக்காது. பல அடுக்குப் பலகையின் உள்ளடுக்கு அரித்துவிட்டால் நம் கை எட்டாது. இன்று ஓடி, அடுத்த மாதம் ஜி.எஸ்.டி. சாலை நடுவில் நின்றாலும் நிற்கும். பிரேக்கையும் காற்றுப்பையையும் ஆளும் பெட்டிகள் தனி. அவை நனைந்திருந்தால், எவ்வளவு செலவானாலும் மாற்றுங்கள் என்றே சொல்வேன்.

சாவியைத் திருப்பியதும் வண்டி கிளம்பியது. வெள்ளம் வடிந்தவுடன் அவர் அப்படித் திருப்பிப் பார்க்காதது பெரும் அதிர்ஷ்டம். நீர் அமுங்காது, சிலிண்டருக்குள் நீர் நின்றிருந்தால் பிஸ்டன் தண்டே வளைந்திருக்கும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது, முதல் நாள் மாலையே அவர் பாட்டரிக் கம்பியைக் கழற்றிவிட்டார். பிறகு மாட்டியபோது கார் உடனே கிளம்பியது. ரேடியோவில் பதித்து வைத்த நிலையங்கள் மட்டும் அழிந்துவிட்டன என்று குறைப்பட்டுக்கொண்டார். அந்த ரேடியோவின் நினைவுக்கு மின்சாரம் வேண்டும். சாவியின் நினைவுக்கு வேண்டாம்.