ஓடும் முன் நிறுத்தப் பழகுங்கள்!

வீட்டில் உடற்பயிற்சி எந்திரம் வைத்திருப்போர் கவனத்துக்கு

ஒரு காலத்தில் பணக்காரர் வீடுகளில் மட்டுமே இருந்த 'டிரெட்மில்' என்னும் நடை எந்திரம், இன்று மும்பை, தாணே நடுத்தரக் குடும்பங்களுக்கும் வந்துவிட்டது. தவணையில் கிடைக்கிறது, பழையதும் மலிவாகக் கிடைக்கிறது. மழைக்காலத்தில் வெளியே நடக்க முடியாதவர்களுக்கும், நாள் முழுவதும் நாற்காலியில் இருக்கும் குமாஸ்தாக்களுக்கும் இது நல்ல துணைதான்.

ஆனால், இது பீரோ, கட்டில் போன்ற சாமான் அல்ல. மோட்டாரில் ஓடும் எந்திரம். ஏறியவர் விழுந்தாலும் பட்டை ஓடிக்கொண்டே இருக்கும்.

சிவப்புச் சாவி

எந்திரத்துடன் கயிறு கட்டிய ஒரு சாவி தருகிறார்கள். கயிற்றின் கிளிப்பைச் சட்டையில் மாட்டிக்கொள்ள வேண்டும். கால் இடறினால் சாவி கழன்று, பட்டை நின்றுவிடும். பலர் இதை மாட்டுவதே இல்லை. பிரேக் இல்லாத வண்டியில் ஏறுவதற்கு இது சமம்.

பட்டையின் இருபுறமும் உள்ள விளிம்பில் நின்றுகொண்டு, குறைந்த வேகத்தில் தொடங்குங்கள். ஓடும் ரயிலில் இருந்து இறங்கக் கூடாது என்பது போல, ஓடும் பட்டையில் இருந்தும் இறங்கக் கூடாது. தொங்கும் புடவைத் தலைப்பு, துப்பட்டா, லுங்கி ஆகாது. வெறுங்காலும் ஆகாது.

குழந்தைகள் ஜாக்கிரதை

குத்துச்சண்டை வீரர் மைக் டைசனின் 4 வயது மகள், 2009-ல் வீட்டு டிரெட்மில்லில் தொங்கிய கயிறு கழுத்தில் சிக்கி உயிரிழந்தாள். 2021-ல் அமெரிக்காவில் ஒரு குழந்தை இறந்ததை அடுத்து, பெலட்டான் நிறுவனம் சுமார் 1,25,000 எந்திரங்களைத் திரும்பப் பெற்றது.

பயிற்சி முடிந்ததும் பிளக்கைப் பிடுங்கி, சாவியைக் குழந்தைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். பயிற்சி சைக்கிளின் சக்கரத்திலும் சிறு விரல்கள் சிக்கும்.

இடமும் மின்சாரமும்

எந்திரத்தின் பின்னால் ஆறடி, பக்கங்களில் ஒன்றரை அடி காலியாக இருக்க வேண்டும். பின்னால் சுவர் இருந்தால், விழுந்தவர் சுவருக்கும் பட்டைக்கும் நடுவே சிக்குவார், தோல் உரிந்துவிடும். ஒற்றை அறை வீட்டுக்குச் சைக்கிளே மேல்.

2023 ஜூலையில் டில்லி ரோகிணியில், உடற்பயிற்சிக் கூடத்து டிரெட்மில்லில் மின்சாரம் தாக்கி ஓர் இளைஞர் இறந்தார். எர்த் உள்ள மூன்று முனை பிளக்கில் நேரடியாக இணையுங்கள். எக்ஸ்டென்ஷன் வயர் வேண்டாம். தொட்டால் 'ஜிவ்' என்று இழுத்தால், எலக்ட்ரீஷியன் பார்க்கும்வரை அதில் ஏறாதீர்கள்.

நெஞ்சு சொல்வதைக் கேளுங்கள்

நகைச்சுவை நடிகர் ராஜு ஸ்ரீவஸ்தவா 2022 ஆகஸ்டு 10-ந் தேதி டெல்லியில் டிரெட்மில்லில் ஓடும்போது நெஞ்சுவலி வந்து சாய்ந்தார். செப்டம்பர் 21-ந் தேதி காலமானார். நாற்பதைத் தாண்டியவர்கள், சர்க்கரை நோய், ரத்த அழுத்தம் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்ட பிறகே தொடங்க வேண்டும்.

வாரத்துக்கு 150 நிமிட மிதமான பயிற்சி போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நடக்கும்போது பேச முடிய வேண்டும். அதுவே சரியான வேகம். நெஞ்சில் அழுத்தம், இடது கையிலோ தாடையிலோ வலி, திடீர் வியர்வை, தலைச்சுற்றல் வந்தால் உடனே நிறுத்துங்கள். 108-ஐ அழையுங்கள்.

பழைய எந்திரம் வாங்குவோர் ஒன்று செய்யலாம். வேகத்தையும் விலையையும் கேட்கும் முன், சாவி இருக்கிறதா, இழுத்தால் பட்டை நிற்கிறதா என்று பாருங்கள். நிற்காவிட்டால், சும்மா கொடுத்தாலும் வாங்க வேண்டாம்.